இருபது மில்லிகிராம்: கொடைக்கானல் பாதரச மண்ணின் கதை

சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் முதலில் ஏற்காடு, அடுத்து கொல்லிமலை, கொஞ்சம் வசதியான வருடமாக இருந்தால் கொடைக்கானல். ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, வீட்டுக்கு ஒரு பாக்கெட் சாக்லேட். அதோடு சரி. பாம்பார் அருவிக்குப் போகிறவர்கள் குறைவு. அந்த அருவிக்கு உள்ளூரில் இன்னொரு பெயர் உண்டு: லிரில் அருவி! 1970களில் வந்த லிரில் சோப்பு விளம்பரத்தால் ஒட்டிக்கொண்ட பெயர். எலுமிச்சை மணக்கும் சோப்பு, பச்சைக் காடு, கொட்டும் தண்ணீர் என்று தூய்மைக்கே அடையாளமாகக் காட்டப்பட்ட இடம் அது.

அந்தப் பாம்பார் சோலைக்காட்டின் மேல் விளிம்பில், செயின்ட் மேரிஸ் சாலையில் ஒரு பழைய தொழிற்சாலை வளாகம் இருக்கிறது. 2001ல் மூடப்பட்டது. அதன் மண்ணில் கலந்த பாதரசத்தை அகற்றுவதற்கான திட்டங்களும் சோதனைகளும் வழக்குகளும் அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் நடந்தன. தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் எது தெரியுமா? லிரில் சோப்பு தயாரித்த அதே இந்துஸ்தான் லீவர். (விளம்பரம் எடுத்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையே கிடையாது. நிறுவனத்தின் கைக்கு அது பிறகுதான் வந்தது. ஆனாலும் வரலாறு சில சமயம் இப்படிக் கேலி செய்கிறது.)

தொழிற்சாலை கடல் கடந்து வந்த கதை

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி தெர்மாமீட்டர் இப்போது அரிதாகிவிட்டது. எலெக்ட்ரானிக் வந்துவிட்டது. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் உலகம் முழுக்க அதுதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் ஊரில் சீஸ்பரோ பாண்ட்ஸ் என்ற நிறுவனம் அதைத் தயாரித்து வந்தது. நம் ஊரில் பாண்ட்ஸ் பவுடர், ஸ்னோ என்று அறியப்பட்ட அதே பாண்ட்ஸ்தான். 1980களின் தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கழற்றப்பட்டுக் கொடைக்கானலுக்கு வந்தன. 1983ல் பாண்ட்ஸ் இந்தியாவின் பெயரில் ஆலை அமைந்தது. சில ஆண்டுகளில் உலக அளவில் சீஸ்பரோ பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998ல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. ஆலை கைமாறியதே தவிர வேலை மாறவில்லை.

ஏன் கொடைக்கானல்? குளிர்ச்சியான மலை; பாதரசம் வெயிலில் வேகமாக ஆவியாகும் பொருள்; கூலியும் குறைவு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, கண்ணாடியும் வந்தது, செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே திரும்பிப் போயின. 16 கோடிக்கு மேல் தெர்மாமீட்டர்கள்! இங்கே தங்கியது சம்பளமும், உடைந்ததும், சிந்தியதும்தான்.

பாதரசத்தைப் பற்றி ஒரு சொல். தண்ணீரைப்போல் 13.6 மடங்கு எடை கொண்ட திரவ உலோகம். கையில் உருட்டினால் முத்து முத்தாக ஓடும். ரசவாதம், ரசமணி என்று நம் சித்தர் மரபில் அதற்குத் தனி மரியாதையே உண்டு. ஆனால் அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நீர்நிலையில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேர்ந்து, மீனைத் தின்பவரிடம் சேரும். இதுதான் மிக ஆபத்தான வடிவம். சாக்கடைக் கழிவு காலப்போக்கில் மக்கிப்போகும். பாதரசம் ஒரு தனிமம். அது மக்காது, எரியாது. இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவுதான்.

மூஞ்சிக்கல் காயலான் கடை

2001 மார்ச் மாதம். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில், வீடுகளும் கடைகளும் நெருக்கமாக உள்ள இடத்தில், ஒரு காயலான் கடையில் சாக்கு சாக்காக உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது. சில சாக்குகள் கிழிந்து, பாதரசம் தரையில் மினுங்கியது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் உள்ளூர் மக்களும் மார்ச் 7ஆம் தேதி இதை வெளியே கொண்டுவந்தனர். கண்ணாடிக் கழிவு 7.4 டன் என்றனர் போராடியவர்கள். 5.3 டன்தான், அதிலும் பாதரசம் 0.15 சதவீதம்தான் என்றது நிறுவனம். விதியை மீறிக் கழிவு வெளியே விற்கப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. உற்பத்தி உடனே நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டே ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கழிவைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வாளரும் இல்லை. காயலான் கடைப் பக்கம் நடந்துபோன ஊர்க்காரர்களும், முன்பு அங்கே வேலை செய்தவர்களும்தான்.

எளிதான பாதி

சுத்தம் செய்யும் வேலையில் முதல் பாதி ஒப்பீட்டளவில் வேகமாக நடந்தது. காயலான் கடையிலிருந்து மீட்ட கண்ணாடி, ஆலைக்குள் குவிந்திருந்த கழிவு, மிச்சமிருந்த தெர்மாமீட்டர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 290 டன். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு 2003ல் அது கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. அங்கே பெத்லஹெம் அப்பாரட்டஸ் என்ற நிறுவனம் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் தொழில் செய்கிறது. பணக்கார நாட்டுக் கழிவு ஏழை நாட்டுக்கு வருவதைத்தான் நாம் வழக்கமாகப் படிக்கிறோம். இது எதிர்த்திசையில் போன அபூர்வக் கப்பல்! அந்தப் போராட்டத்தின் பெரிய வெற்றி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

2006ல் இயந்திரங்களும் தளவாடங்களும் பாதரசம் நீக்கப்பட்டு, மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்டன. எண்ணக்கூடியவை, தூக்கக்கூடியவை, லாரியில் ஏற்றக்கூடியவை எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்தது மண்.

ஒரு சிமெண்ட் மூட்டை மண்ணில் ஒரு தெர்மாமீட்டர்

மண்ணிலிருந்து பாதரசம் முழுவதையும் எடுக்க முடியுமா? முடியாது. மலை மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே துளியூண்டு பாதரசம் இருக்கும். ஆகவே "எவ்வளவு மிச்சம் இருந்தால் பரவாயில்லை?" என்று ஓர் எண்ணை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணுக்கு மேலே இருந்தால் தோண்டு. கீழே இருந்தால் விட்டுவிடு. கொடைக்கானலுக்கு நாக்பூரின் நீரி நிறுவனம் ஆராய்ந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்ட எண் 20. அதாவது ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம்.

இதைக் கற்பனை செய்ய ஓர் எளிய வழி. ஒரு தெர்மாமீட்டரில் ஒரு கிராம் பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். அதை உடைத்து 50 கிலோ மண்ணில், அதாவது ஒரு சிமெண்ட் மூட்டை எடையுள்ள மண்ணில், சீராகக் கலந்தால் கிடைப்பது 20 மில்லிகிராம்.

அது போதாது என்றனர் சூழலியல் ஆர்வலர்கள். முதலில் 10 என்ற கடுமையான அளவுதான் பேசப்பட்டது, பிறகு தளர்த்தப்பட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இங்கிலாந்தில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம் என்றிருக்க, இந்தியாவில் அதே நிறுவனக் குடும்பம் 20 போதும் என்பதா? ஒரு கிராம் பாதரசத்தை இருபது மூட்டை மண்ணில் கலந்தால்தான் அந்த இங்கிலாந்து அளவு வரும். அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா என்ற கேள்வி ஊரில் சுலபமாகப் பற்றிக்கொண்டது.

நியாயமான கேள்விதான். ஆனால் அரைப்பங்கு கேள்வி. 2009ல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட வழிகாட்டு எண்கள் மூன்று. உலோக வடிவப் பாதரசத்துக்கு 1, கனிம உப்பு வடிவத்துக்கு 170, மெத்தில் பாதரசத்துக்கு 11. ஒரே தனிமம், ஒரே வீட்டுத் தோட்டம், மூன்று எண்! பாதரசம் எந்த வடிவில் இருக்கிறது, அந்த நிலத்தில் யார் வாழப்போகிறார்கள், குழந்தை விளையாடுமா, கீரை போடுவார்களா என்பதையெல்லாம் பொறுத்தே எண் வரும். கனடாவில் வீட்டு நிலத்துக்கு 6.6, தொழிற்சாலை நிலத்துக்கு 50. ஆகவே 20 என்பது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று வெறுமனே கேட்டால் பதில் கிடைக்காது. சோலைக்காட்டுக்கு மேலே, ஆற்றுக்கு மேலே, சரிவில் இருக்கும் மண்ணுக்கு அது சரியா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் ஊடகத்தில் எடுபட்டது 1க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம்தான்.

அணுகுண்டு ஊரின் பாதரசம்

இதே எண் சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. அதுவும் ஓர் அணு ஆயுத வளாகத்தில்.

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஊரில் ஒய்-12 என்ற ஆலை உண்டு. ஹிரோஷிமா குண்டுக்கு யுரேனியம் பிரித்த இடம். 1950களில் ஹைட்ரஜன் குண்டுக்கு லித்தியம்-6 தேவைப்பட்டபோது, அதைப் பிரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை, சுமார் 11,000 டன். வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது சுமார் ஆயிரம் டன் வரை குறைந்தது. ஒரு பகுதி கட்டடங்களின் அடியில் இறங்கியது. நூறு டன்னுக்கு மேல் ஈஸ்ட் ஃபோர்க் பாப்லர் என்ற ஓடையில் கலந்து ஊருக்குள் ஓடியது. குண்டு ரகசியம் என்பதால் பாதரசமும் ரகசியம். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட பிறகே 1983ல் அரசு அதை வெளியிட்டது. அதே 1983ல்தான் கொடைக்கானலில் பாதரச ஆலை அமைந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஓக் ரிட்ஜ் ஓடைக்கரை மண்ணுக்கு 1995ல் முடிவான எண் எவ்வளவு தெரியுமா? 400. நம் கணக்கில், ஒரு தெர்மாமீட்டருக்கு இரண்டரைக் கிலோ மண். முதலில் இதைவிட மிகக் குறைந்த எண்தான் பேசப்பட்டது. ஆனால் அங்குள்ள பாதரசம் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத வடிவில் இருக்கிறது, உடலில் எளிதில் சேராது என்று ஆய்வு சொன்னது. குறைந்த எண் வைத்தால் கரையோர மரங்களையும் ஈர நிலத்தையும் அதிகமாகத் தோண்டி அழிக்க வேண்டிவரும் என்று ஊர்க்காரர்களிலேயே சிலர் வாதாடினார்கள். ஓடைக்கரை முடிந்தது. கட்டடங்களின் அடியில் உள்ளது முடியவில்லை. அவற்றை இடிக்கும்போது வெளிவரும் பாதரசத்தைப் பிடிக்கத் தனியாக ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 2017ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அணு ஆலை என்றால் கதிர்வீச்சுதான் பயம் என்று நினைப்போம். அந்த ஊருக்குத் தலைவலியாக நின்றது தெர்மாமீட்டர் சரக்கு!

ஜப்பானின் மினமாட்டாவில் எண் 25. அங்கே ரசாயன ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களுக்கு வந்து, 1956ல் நோய் வெளிப்பட்டது. 1977 முதல் 1990 வரை வளைகுடாவின் சேற்றில் 25க்கு மேல் இருந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்து, கரையோரத்தில் கொட்டி மூடி, 58 ஹெக்டேர் புது நிலம் ஆக்கினார்கள். இன்று அது பூங்கா. பாதரசம் எங்கும் போகவில்லை. பூங்காவின் அடியில்தான் இருக்கிறது.

மரமும் மழையும்

கொடைக்கானல் மண்ணைச் சுத்தம் செய்யும் முறை இதுதான்: மாசுபட்ட மண்ணைத் தோண்டி, தண்ணீரில் அலசி, பாதரசம் அதிகம் ஒட்டியிருக்கும் நுண்ணிய மண்ணைப் பிரித்து, அதைச் சூளையில் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கி, குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். நெல்லை அலசிக் கல் பொறுக்குவது போலத்தான், ஆனால் இங்கே தங்குவது கல், போக வேண்டியது தூசி.

சமவெளியில் இது வெறும் செலவுக் கணக்கு. மலைச்சரிவில் அப்படியில்லை. அந்த வளாகத்தில் மரங்கள் உண்டு. மரத்தின் வேர்தான் மண்ணைப் பிடித்துவைத்திருக்கிறது. மாசுபட்ட மண்ணை எடுக்க மரத்தை வெட்டினால், அடுத்த மழையில் மிச்ச மண் பாம்பார் சோலைக்குள் இறங்கும். வெட்டாமல் விட்டால், வேரைச் சுற்றிய பாதரசம் அப்படியே இருக்கும். எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மரம் விழும். 1 வேண்டும் என்று கேட்டவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 20 போதும் என்றவர்களுக்கு இது வசதியான வாதமாகவும் அமைந்தது.

2009ல் முன்னேற்பாட்டு வேலை தொடங்கி, எதிர்ப்புகளுக்குப் பின் 2010ல் கூடுதல் ஆய்வுகளுக்காக நின்றது. எண் சரியா என்று டெல்லி ஐஐடி பார்த்தது. மரமும் மண்ணரிப்பும் என்ன ஆகும் என்று ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பார்த்தது. நீரி மறுபடி பார்த்தது. 2017ல்தான் சோதனை முறையில் மண் அலசல் நடந்தது. எண்ணைக் குறைக்கக் கோரி பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 20 அப்படியே நின்றது. இந்த ஆண்டுகள் முழுவதும் மழை ஒவ்வொரு வருடமும் தவறாமல் பெய்தது. சண்டை முடியட்டும் என்று அது காத்திருக்கவில்லை.

வேலை செய்தவர்கள்

மண்ணுக்காவது ஓர் எண் கிடைத்தது. மனிதர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆலையில் வேலை பார்த்தவர்கள் பலர் சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, கருச்சிதைவு என்று பிரச்சினைகளைச் சொன்னார்கள். பாதரசம் படிந்த உடையோடு வீட்டுக்குப் போனதையும் சொன்னார்கள். பணியாளர் உடல்நிலைப் பதிவுகளில் பாதிப்பு இல்லை என்றது நிறுவனம். 2006ல் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்களைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2007ல் சொன்னது. தொழிலாளர் தரப்பு அதை ஏற்கவில்லை. பாதரசம் உடலிலிருந்து பெருமளவு சில மாதங்களில் வெளியேறிவிடும். ஆலை மூடிப் பல வருடம் கழித்து ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால் என்ன தெரியும்? இந்த ஒரு விஷயத்தில் காலம் யார் பக்கம் வேலை செய்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2015 ஜூலையில் சென்னையின் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாட்டு இணையத்தில் பரவியது. பதினான்கு வருடப் போராட்டம் எட்டாத காதுகளுக்கு மூன்று நிமிடப் பாட்டு எட்டியது. யூனிலீவரின் தலைமை வரை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படை என்றே அதற்குப் பெயர். தவறை ஒப்புக்கொண்டதாக இல்லை.

வேலிக்கு வெளியே

மண்ணைச் சுத்தம் செய்யும் திட்டம் தொழிற்சாலை வளாகத்துக்கானது. காற்றுக்கு வேலி தெரியாதே!

ஹைதராபாத்தில் அணுசக்தித் துறையின் பகுப்பாய்வு மையம் ஒன்று உள்ளது. அதன் விஞ்ஞானிகள் ஆலை மூடிய சமயத்தில் கொடைக்கானலின் மரப்பாசிகளையும் பாறைப் பாசிகளையும் சேகரித்துச் சோதித்தார்கள். பாசிக்கு மண்ணில் வேர் கிடையாது. காற்றிலிருந்தே உணவு எடுக்கும். ஆகவே காற்றில் என்ன இருந்தது என்பதற்கு அது ஒரு நாட்குறிப்பு மாதிரி. அதில் பாதரசம் இருந்தது. ஆலையைச் சுற்றிய காற்றில் வழக்கத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இருந்தது. ஊர் நடுவிலுள்ள ஏரியின் நீரிலும் மீனிலும்கூட இருந்தது. ஆலைக்குக் கீழே இறங்கும் நீர் பாம்பார் சோலைப் பக்கம் போகிறது. ஏரிப் பக்கம் இல்லை. ஆகவே ஏரிக்கு அது ஆவியாகக் காற்றில்தான் வந்திருக்க வேண்டும் என்றே அவர்கள் கருதினார்கள்.

சோலைக்குள் இறங்கும் நீர் பாம்பாறாகி, பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியாக விழுந்து, வைகையோடு சேர்கிறது. காட்டுக்குள் போன பாதரசம் குறைவு, அது சூழலைப் பாதிக்கவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. அங்கேயும் அளந்து, அங்கேயும் சுத்தம் செய்யவேண்டும் என்பது போராடியவர்களின் கோரிக்கை. சோலைக்காட்டின் மண்ணைத் தோண்டி அலச முடியாது. தோண்டினால் சோலையே இருக்காது. ஆகவே அங்கே செய்யக்கூடியது அளந்துகொண்டே இருப்பது மட்டும்தான்.

மாசுபட்ட பழைய இடங்களை யார் கண்டறிவது, எந்த அளவுக்கு யார் செலவில் சுத்தம் செய்வது என்பதற்கு இந்தியாவில் தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வெளிவந்தன. அணுக்கழிவு இடங்கள் அதில் வராது. அவற்றுக்கு வேறு சட்டம். கொடைக்கானலின் 20 என்ற எண் அந்த விதிகளுக்கெல்லாம் பல வருடம் முன்பே, ஒரு மலைக்காக, ஒரு வழக்கின் நடுவே போடப்பட்டது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் பின்னால் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிக்கப்பட்டது. அங்கேயும் முதலில் வந்து நிற்பது இதே கேள்விதான்: எந்த எண் வரை?